யோகொதே பக்கம்

ரயில் பாலத்துக்குக் கீழே,
சாவி வெட்டுபவருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில்
அகிதா மாகாணம் இருக்கிறது.
அகலம் பதினோரு தப்படி.
அளந்திருக்கிறேன். மதிய இடைவேளை நாற்பது நிமிடம்,
வேறென்ன வேலை.

கதவு விலகியதும் புகை மணக்கும்.
தீ எங்கும் இல்லை.
புகையில் தொங்கவிட்டு, பிறகு ஊறப்போட்ட முள்ளங்கி,
பொட்டலத்தையும் மீறி மணக்கிறது.
தேவதாருச் சீவலை வெந்நீரில் வளைத்து
செர்ரிப் பட்டையால் தைத்த சோற்றுப்பெட்டி.
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல்
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

முதல் நாள் கல்லாவில் நின்றவர் கேட்டார்:
"அகிதாவா நீங்கள்?"
இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும்.
அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம்.
கண் போய் விழுந்த இடத்தை
வாய் படித்துவிட்டது:
"யோகொதே பக்கம்."

நான் பிறந்தது கவாகுச்சி.
ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும்.
ஐந்தாவது மாடி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல்.
அதற்கென்று யாரும் கடை வைக்கவில்லை.

மினேகிஷி (சட்டையில் குத்திய வில்லையில் படித்த பெயர்)
அன்றிலிருந்து சுவை பார்க்கும் தட்டில்
எனக்கு மட்டும் இரண்டு துண்டு எடுத்துவைப்பார்.
"உங்களுக்கு இதென்ன புதிதா."
புதிதுதான். நாக்கு சுருக்கென்றது.
"அதே ருசி," என்றேன்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள்.
எனக்கு ஒரு குளிர்காலமே செலவானது.
பனி எத்தனை அடி, யார் வீட்டுக் கதவு புதைந்தது,
பிப்ரவரியில் பனிக்குடிலுக்குள் உட்கார்ந்து
கரி அடுப்பில் சுட்டுத் தின்ற மோச்சி,
கூரையில் பனி வாரும்போது சித்தப்பா சறுக்கி விழுந்தது.
எனக்குச் சித்தப்பாவே கிடையாது.
அவர் காலை நானே உடைத்தேன்,
மார்ச் மாதம் நானே குணமாக்கினேன்.

நவம்பரில் ஒரு வியாழன்.
சக்கரப்பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள்,
என் வயதுதான் இருக்கும், குடையில் ஈரம் சொட்டுகிறது.
மினேகிஷியின் முகத்தில் விளக்கு எரிந்தது.
"இவர்களும் உங்கள் யோகொதேதான்!
கூரையிலிருந்து விழுந்தாரே ஒருவர்,
இவருடைய சித்தப்பா!"

அவள் என்னிடம் பேசினாள்.
உதடு பிரியாத பேச்சு,
திறந்தால் குளிர் உள்ளே புகுந்துவிடும் என்பதுபோல.
ஒரு சொல் பிடிபடவில்லை.
கையிலிருந்த மீன்சாறு புட்டியின் சீட்டையே
படித்துக்கொண்டு நின்றேன்:
ஹதாஹதா மீன், உப்பு.
இரண்டே பொருள்.
மூன்றாவதாக ஏதாவது போட்டிருக்கலாம்.

அவள் என் காலணியைப் பார்த்தாள்.
புட்டியை இறுக்கிய விரல்களைப் பார்த்தாள்.
பிறகு டோக்கியோப் பேச்சுக்கு மாறி
மினேகிஷியிடம் சொன்னாள்:
"அவரா? ஸ்டேஷனுக்குப் பின் தெரு.
இப்போது நடக்கிறார்.
கொஞ்சம் நொண்டல்தான் போகவில்லை."

ஊறுகாய் நான்கு, அரிசி அப்பம் இரண்டு பெட்டி வாங்கினாள்.
மினேகிஷி கடைப் பெயர் அச்சிட்ட பையை விரிக்கவும்
கையை நீட்டித் தடுத்தாள்.
"வெறும் பை போதும். ரசீதும் வேண்டாம்.
மாமியார் வீட்டுக்கு.
ஊரிலிருந்து சுமந்து வந்ததாக இருக்கட்டும்."
சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.
பெட்டியின் சக்கரம் நடைபாதை இடுக்கில்
இரண்டு முறை மாட்டி விடுபட்டது.

இடைவேளையில் மூன்று நிமிடம் பாக்கி.
ஒரு முள்ளங்கி எடுத்து கல்லாவில் வைத்தேன்.
மினேகிஷி சில்லறையை எண்ணியபடி
வருத்தத்தோடு கேட்டார்:
"எந்தக் கால்?"

"இடது," என்றேன்.
போன தடவை என்ன சொன்னேனோ.