உமிப்பெட்டி

அறக்கட்டளையின் வரலாற்றை
ஒரு பக்கத்துக்கு மிகாமல் கேட்கிறது
பதிவாளர் அலுவலகம்.
கட்டம் சின்னது.

நீடாமங்கலம், ஐம்பத்தெட்டு.
ஹபீபுல்லா ராவுத்தர் மில்லில்
என்ஜின் பார்த்த சூசைமாணிக்கம்
ரயில்வே கேட்டருகே நடுரோட்டில் நடந்தார்.
பின்னால் வந்த லாரிக்காரன்
ஆரன் அடித்து அடித்து ஓய்ந்து
இறங்கி வந்து தோளைத் தொட்டான்.
“மில்லு ஓடுதுன்னு நெனச்சேன்” என்றார்
சூசைமாணிக்கம்.
அன்று மில் விடுமுறை.

மறுவாரம் ராவுத்தர் கணக்கில் புதுத் தலைப்பு: காது.
மூட்டைக்கு அரையணா மகமை.
கோயிலுக்கு உண்டு, தர்காவுக்கு உண்டு,
காதுக்கு ஏது மகமை என்று
மண்டியில் சிரித்தார்கள்.
சிரித்தபடியே கொடுத்தார்கள்.

தஞ்சாவூரிலிருந்து சனிக்கிழமை பாசஞ்சரில்
டாக்டர் துளஜா பாய் வந்தார்.
அவருக்குச் சத்தமே இல்லாத ஓர் அறை வேண்டும்.
பம்பாய்க் கம்பெனி சொன்ன விலை பதினாலாயிரம்.
கையில் இருந்தது அறுநூற்றுச் சொச்சம்.
பழைய பத்தாயத்துக்குள்
ஆள் உட்காரும் அளவில் இன்னொரு பெட்டி செய்து
நடுவில் ஒரு முழத்துக்கு உமி கொட்டினார்கள்.

காதைத் தின்ற மில்லின் உமியே
காதுக்குக் காவல் நின்றது
என்று எழுதத்தான் ஆசை.
எலி புகுந்தது.
உமித்தூசியில் சூசைமாணிக்கம் தும்மிய தும்மலில்
மெஷினின் முள் உடைந்தது.
மூக்கு அப்படித்தான் நோக்கத்தில் சேர்ந்தது.

சோதனை நோட்டின் ஓரத்தில் டாக்டரின் பென்சில்:
“கோரையாற்றில் தண்ணீர். தவளை.
இன்று சோதனை இல்லை.”
ஐப்பசி முழுக்க அந்த ஒரு சொல்:
தவளை. தவளை. தவளை.

அச்சான கட்டுரை இதைவிட நீளம்.
மில்லுக்குள் நின்ற நூற்றுப்பதிமூன்று பேரில்
அறுபத்தொருவருக்குச் சில்வண்டு கேட்பதில்லை
என்பது அதன் சாரம்.

தொண்டைக்குப் பணம் தந்தவர்
புகையிலை மண்டி அகோரமூர்த்தி.
அறுபத்தாறில் ஐயாயிரம், ஒரே தவணை.
டாக்டர் மூன்று வருஷம் தொண்டைகளைப் பார்த்தார்.
பார்த்ததை எழுதிக் கொண்டுவந்தார்.
தீர்மானப் புத்தகம் சொல்கிறது:
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
எண்ணினேன், ஒன்பது முறை.
ஒன்பதாவதில் ராவுத்தர் கையெழுத்து இல்லை.
பத்தாவது கூட்டத்தின் பக்கமே இல்லை,
கிழித்த ஓரம் மட்டும்.

துளஜா பாய் தானே ஸ்டென்சில் வெட்டி
நானூறு படி உருட்டி
பாசஞ்சரில் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிக் கொடுத்தார்.
வாங்கியவர்களில் பாதிப் பேர்
அதில் புகையிலை மடித்திருப்பார்கள்.
ஐயாயிரத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ்.
திருப்பினோம்.
அந்த ஒரு வருஷம் மகமை முக்காலணா.
அகோரமூர்த்தி மனம் மாறியதாக
எந்தக் கோப்பிலும் இல்லை.

கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.

மில் இப்போது கல்யாண மண்டபம்.
பின்கட்டில் பெட்டி இருக்கிறது.
வலங்கைமானிலிருந்து ஒருத்தி
பிறந்து நாற்பது நாளான பிள்ளையைக் கொண்டுவந்தாள்.
கைதட்டினால் திரும்பவில்லையாம்.
மடியில் வைத்து உள்ளே உட்கார்ந்தாள்.
வெளியே செண்டை மேளம்.
திங்கட்கிழமை வரச் சொன்னோம்.
நோட்டின் ஓரத்தில் நானும் எழுதினேன்:
“கல்யாணம். இன்று சோதனை இல்லை.”
திங்கட்கிழமை வந்தாள்.
முடிவை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

போன வாரம் புது உமி கொட்டியதும்
கதவைச் சாத்திக்கொண்டு நானே உட்கார்ந்து பார்த்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு எங்கோ ஒரு மில் ஓடியது.
டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

நிறுவிய ஆண்டு: 1958.
தொடக்க மூலதனம்: அரையணா.
நோக்கம்: காது, மூக்கு, தொண்டை,
சேர்ந்த வரிசையில்.
தற்போது இயங்குகிறதா?
ஆம்.
முகூர்த்த நாள் நீங்கலாக.