இருநூற்றுப் பதினான்கில் பதினொன்று

தார்த்து நகரில் ஜனவரி. நான்கு மணிக்கே இருட்டு.
வீர்வெ தேநீர்க் கோப்பையைக் கீபோர்டின் விளிம்பில் வைத்திருக்கிறாள்,
சொல்லிப் பயனில்லை.
இருநூற்றுப் பதினான்கு சோதனைகளில்
பதினொன்று சிவப்பு.

ஏரியில் உறைந்த பனியின் கனத்தைக் கணக்கிடும் நிரல்.
லாரி போகலாமா, கார் மட்டுமா,
காலே வைக்க வேண்டாமா என்று
கீழ்த்தளத்து யூனிக்ஸ் பெட்டியிலிருந்து
இருபத்திரண்டு குளிர்காலம் சொல்லி வந்தது.
இப்போது மீட்புத்துறை விண்டோஸில் கேட்கிறது.
"வீடு மாற்றுவதுதானே" என்றார் ராய்வோ,
ஒருமுறைகூட வீடு மாறாதவர்.

முதல் மூன்று சுலபம்.
பன்னிரண்டை எதிர்பார்த்தேன், பன்னிரண்டு வந்தது,
இரண்டும் ஒன்றல்ல என்று சாதித்தது சோதனை.
அதன் பக்கம்தான் நியாயம்:
வரியின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து.

அடுத்த இரண்டு பெயர்த் தகராறு.
பெரிய எழுத்தில் ஒரு கோப்பு, சின்ன எழுத்தில் ஒன்று.
அங்கே இரண்டு ஆட்கள்.
இங்கே ஒரே கதவு எண்;
பின்னால் வந்தவன்
முன்னவனின் கட்டிலில் படுத்துவிட்டான்.

பிறகு அந்த ஐந்து.
திறந்திருக்கும் கோப்பின் பெயரை அழிக்கும் பழக்கம்.
யூனிக்ஸில் பெயர் போகும், பொருள் கையில் இருக்கும்,
கையை விட்டால்தான் சாவு.
இங்கே மறுப்பு: யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.
யாரென்று சொல்லாது.
வீர்வெ சிரித்தாள்.
"தபால்பெட்டியில் ஊர்மாஸின் பெயரைச் சுரண்டி எட்டு மாதம்.
கரண்ட் பில் இன்னும் அவன் பேரில்தான்."
நான் பேசவில்லை.
முதலில் மூடு, பிறகு அழி என்று
ஐந்து இடங்களிலும் வரிசையை மாற்றினோம்.

மிச்சம், நூற்று எழுபத்து மூன்றாவது.
தனியே ஓட்டினால் பச்சை.
கூட்டத்தோடு ஓட்டினால்
பனியின் கனம் ஐம்பத்திரண்டு மீட்டர்.
ஏரியின் ஆழமே பதினைந்து.

"தவிர்க்கும் பட்டியலில் போடு" என்றார் ராய்வோ,
கோட்டை மாட்டிக்கொண்டே.
ஒரே ஒரு வரி. தட்டியும் விட்டேன்.
வீர்வெ கையை நீட்டி, எழுத்தெழுத்தாக அழித்தாள்.

இரண்டரை மணிக்கு அகப்பட்டது.
அளவு வராத நாளில் யாரும் நிரப்பாத ஓர் இடம்.
பழைய பெட்டி அதில் கேட்காமலே பூஜ்யம் வைத்திருந்தது.
இது, முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன
குப்பையை எடுத்து நீட்டுகிறது.

வழியில் ஏறிய பிழை இல்லை.
புறப்பட்ட ஊரிலிருந்தே வருகிறது,
டிக்கெட் எடுக்காமல்.
பூஜ்யம் என்றால் சாலை மூடல்.
மூடினால் யாரும் மூழ்குவதில்லை.
மூழ்காததால்
யாரும் தேடவில்லை.

"பூஜ்யத்தை நாமே வைத்துவிடலாமா?"
"வேண்டாம்," என்றாள், "தெரியாது என்று வை.
தெரியாததற்கும் சாலையை மூடச் சொல்."

வைத்தோம். ஓட்டினோம். இங்கே எல்லாம் பச்சை.
ஒரு மரியாதைக்குக் கீழே போய்
பழைய பெட்டியிலும் ஓட்டினோம்.
ஒன்று சிவப்பு.
பூஜ்யம் எங்கே என்று கேட்கிறது.