தாமதமாக முளைக்கும் ரகம்

ஃபஹாஹீல், எட்டாம் வீதி, மூன்றாவது வீடு.
மதிலுக்கு அப்பால் நடக்கத் தொடங்கினால்
சவூதி எல்லைவரை மணல்தான்.
பூனைகளுக்கு அது போதவில்லை.

நவம்பரில் மூட்டை மூட்டையாய்க் கொட்டிய
கறுத்த மண்ணில்,
பெட்டூனியா நாற்று நாலு விரல் நிமிர்ந்த இடத்தில்தான்
அவற்றுக்கு அவசரம் வருகிறது.

விடிந்து வந்து பார்ப்பேன்.
வேர் வானம் பார்க்க
ஊதா நாற்று ஒன்று மல்லாந்து கிடக்கும்.
பக்கத்தில் சின்னதாய் ஒரு குவியல்,
அத்தனை பதவிசாக மூடி.
தோண்டியதில் கோபம் எனக்கு.
மூடியதில் கொஞ்சம் மரியாதை.

ஆரஞ்சுத் தோல் போட்டேன்.
மூன்று நாள் மணத்தது.
நான்காம் நாள் எறும்பு வந்தது.
ஐந்தாம் நாள் எறும்பை வேடிக்கை பார்க்கப்
பூனை வந்தது.

திவானியாவில் ஆண்கள் குடித்து மிஞ்சிய
காப்பி வண்டலை
வாளியில் கொண்டுவந்து தந்தாள்
சமையல்கட்டு கிளமென்சியா.
தூவினேன். ஒரே ஏலக்காய் வாசம்.
பாத்தி விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.
விருந்தாளிகள் வந்தார்கள்.

பேரீச்சை மட்டையின் முள்ளை நறுக்கி
நெருக்கமாய் ஊன்றினேன்.
குத்தியது என்னைத்தான்,
களை பிடுங்கும்போது, மூன்று தடவை.

கோழிவலை விரித்து மேலே மண் போட்டேன்.
பலித்தது, ஒரு வாரம்.
வலை எட்டாத ஓரத்தில்
அவை வரிசைகட்டி நின்றதாகச்
சத்தியம் செய்கிறான் காவல்கார மொஃபிசுல்.

இதற்கிடையில் வீட்டு எஜமானி
(இங்கே அவளை ‘மாமா’ என்றுதான் கூப்பிட வேண்டும்,
ஏழு வருடமாய் எனக்கு நாக்கு கூசுகிறது)
மதில்மேல் டூனா டப்பா திறந்து வைக்கிறாள்.
ஒரு கை ஊட்டுகிறது,
மறு கை பாத்தியைக் காட்டி என்னைத் திட்டுகிறது.
உள்ளே போவது அவள் பொறுப்பு.
வெளியே வருவது என் பொறுப்பு.

ஒரு மத்தியானம், ஹோஸ் பிடித்துக்கொண்டு
எதிர்வீட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.
அந்தக் கட்டடம் எழும்பிய ஒன்றரை வருடமும்
எனக்கு ஒரு நாற்றுகூடச் சாகவில்லை.
செப்டம்பரில் பூச்சு வேலை முடிந்தது.
மிச்ச மணல் குவியலை லாரி அள்ளிப்போனது.
பாலைவனம் கெட்டி, குறுக்கே ஆறுவழிச் சாலை.
பூனைக்கு வேண்டியது
யாரோ ஏற்கனவே கிளறிவைத்த மண்.
நான் போட்டது பூப்பாத்தி இல்லை,
மூடிப்போன பொதுக் கழிப்பறைக்கு மாற்று ஏற்பாடு.

அடுத்த தெருவில் புதுக் கட்டடம்.
எகிப்துக்கார மேஸ்திரி ஷஹாத்தாவிடம்
இரண்டு தள்ளுவண்டி மணல் கேட்டேன்.
“என்ன கட்டப்போகிறாய்?”
“கக்கூஸ்.”
“யாருக்கு?”
சொன்னேன்.
சாரத்தில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டு
என்னை மறுபடி சொல்லவைத்துச்
சிரித்து முடித்து
மூன்று வண்டியாய்க் கொடுத்தான்.

இலந்தை மரத்தடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்,
சலித்து, பொலபொலவென்று பரப்பினேன்.
இரண்டாம் இரவே இடம் மாறின,
ஒருத்தியைத் தவிர.

காது நுனி நறுக்கிய சாம்பல்காரி.
பின்னங்கால் இழுக்கும்.
தொட்டிக்குப் போகிற இரண்டு படி
அவளுக்கு மலை.
இடது மூலையில் ஐந்து நாற்றைப் பிடுங்கி
வேறிடம் நட்டேன்.
வலையை வெட்டி எடுத்தேன்.
விடியலுக்கு முன் வருவாள்.
மூட முயல்வாள், கால் ஒத்துழைக்காது.
அவள் போனதும்
மீதியை நான் மூடுவேன், கரண்டியால்.

ஜனவரியில் எல்லாம் பூத்தது,
ஊதா, வெள்ளை, ஒரு மாதிரியான சிவப்பு.
“அந்த மூலை ஏன் மொட்டையாக இருக்கிறது?”
“விதை இருக்கிறது மாமா.
தாமதமாக முளைக்கும் ரகம்.”

நம்பினாளோ என்னவோ,
கையிலிருந்த குவளைத் தண்ணீரை
அங்கே ஊற்றிவிட்டு
உள்ளே போனாள்.