நனையாத துண்டு

இவ்வளவு கடலை வைத்துக்கொண்டு
ஏரி பார்க்கவா வந்தாய் என்று
ஸ்பிளிட் பேருந்து நிலையத்தில்
சீட்டுக் கிழித்தவள் சிரித்தாள்.
உப்பு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன்.
பொய்.
கடலுக்கு அக்கரை தெரிவதில்லை, அவ்வளவுதான்.
பின்னால் எட்டுப் பேர் நிற்கும் வரிசையில்
அதை எப்படிச் சொல்வது?

இமோட்ஸ்கியில் ஒரு நீல ஏரி இருந்தது.
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
வளைந்து வளைந்து இறங்கும் பாதையில்
முழங்கால் நடுங்க இறங்கிப் பார்த்தால்
உண்மையிலேயே இருந்ததுதான்.
இப்போது இல்லை.
கோடை முழுக்கக் குடித்துவிட்டது பாறை.
வெடித்த தரையில் கம்பம் நட்டுப்
பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பக்கத்துக் கோலைக் காத்தவர் மவ்ரோ,
பல் மருத்துவர்.
வசந்தத்தில் வா,
இதே இடத்தில் என் தலைக்கு மேல்
தண்ணீர் எவ்வளவு தெரியுமா என்று
அண்ணாந்து கையைத் தூக்கிக் காட்டினார்.
பந்து உள்ளே போய்விட்டது.
எல்லாரும் அவரைத் திட்டினார்கள்.
நானும் சேர்ந்து கத்தினேன்,
அந்த மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை.
அதற்கு நன்றி என்று பொருள்.

பக்கத்திலேயே சிவப்பு ஏரி.
ஏரி என்றா அதைச் சொல்வது?
துருப்பிடித்த பாறை திறந்த வாய்.
அடியில், எட்டாத ஆழத்தில்,
கிணற்றில் விழுந்த காசு அளவுக்குத் தண்ணீர்.
ஒரு சிறுவன் கல்லை வீசினான்.
அப்பா அவன் காதைத் திருகினார்.
திருகிய கையை எடுக்காமலே
அவரும் செவி கொடுத்தார்.
பன்னிரண்டு பேர் மூச்சடக்கி நின்றோம்.
ஒன்றும் கேட்கவில்லை.
யாரும் முதலில் நகர விரும்பவில்லை.

பாச்சினா ஏரிகளைச்
சன்னலில்தான் பார்த்தேன்.
ஒன்றின் கையை ஒன்று பிடித்தபடி நாலைந்து,
நாணல், ஒரு படகு, படகில் ஒரு நாய்.
நிறுத்த முடியுமா என்றேன்.
ஓட்டுநர் ஃபிரானே கண்ணாடியில் என்னைப் பார்த்து,
நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தினால்
என் மனைவி வீட்டுக்குத்தான்
முதலில் நிறுத்துவேன் என்றார்.
முன்னாள் மனைவி என்று
நடத்துநர் திருத்தினார்.
அதற்குள் நாய் போய்விட்டது.

பிறகு வடக்கே, நெடுந்தூரம்.
படகேறி செரெஸ் தீவு.
மேலே பிணந்தின்னிக் கழுகுகள்
அவசரமில்லாமல் வட்டமிட்டன.
மலைச்சாலை திரும்பிய இடத்தில்
கீழே வ்ரானா:
கண்ணை இடுக்கி முழுக்கப் பார்த்துவிடலாம்,
இந்தக் கரையும் அந்தக் கரையும்.
இதற்குத்தானே வந்தேன்!

இறங்கினால் வேலி.
வேலிக்கு இந்தப் பக்கம் டோன்கா,
குடிநீர் வாரியச் சட்டை,
கையில் பாதி கடித்த பீச் பழம்.
குளிக்கக் கூடாது.
கால் நனைக்க?
கூடாது.
விரல்?
பழத்தைக் கடித்தாள்.
இரண்டு தீவு குடிக்கிற தண்ணீர் இது.
இதன் அடித்தரை
கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது என்றாள்.
நாலு பக்கமும் உப்பு இருக்க
இது மட்டும் எப்படி இனிக்கிறது என்றேன்.
என்னென்னவோ விளக்கினாள்,
மழை, பாறை, அழுத்தம்.
புரியாத என் முகத்தைப் பார்த்துவிட்டு
பிடிவாதம் என்று வைத்துக்கொள் என்றாள்.

அன்றிரவு லோஷின்யில் வாடகை அறை.
பையைப் பிரித்தேன்.
ஒன்பது நாள் சுமந்த துண்டு
கடையில் மடித்த மடிப்புக் கலையாமல்.
குழாயைத் திருகினேன்.
இருமுறை இருமியது.
பிறகு வந்தது
தொடக்கூடாத தண்ணீர்,
தலையில், கழுத்தில், முதுகில்,
வேலி இல்லாமல்.
வாயைத் திறந்து நின்றேன்.
காதுக்குள் போனது, சிரித்தேன்.
மறுகரை நாலடித் தூரத்தில்,
வெள்ளை ஓடு பதித்த சுவர்.

அந்தச் சுவரைத்தான்
வீட்டுக்காரி அங்கிருந்து தட்டினாள்:
மீட்டர் ஓடுகிறது!

ஏரியை மூடினேன்.