ஏழாம் எண் கணினி

ஒருரோ பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடை.
ஏழாம் எண் கணினிக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது.
நெலிடா சோக்கே
சாவிக்கொத்தோடு பென்டிரைவைச் செருகுவாள்;
அவளுடைய லினக்ஸ் எழுந்து உட்காரும்.

இன்று, இடமில்லை என்றது.
முப்பத்திரண்டு ஜிபி வாங்கியவளுக்கு
வாய்த்தது நான்கு.
பழைய ஃபார்மட், ஒரு கோப்புக்கு அதற்குமேல் அளக்காது.
மிச்சமெல்லாம்
கதவு வைக்காத அறைகள்.

"அழித்துத்தான் பிரிக்கணும்."
"படங்கள்?"
என் கைப்பேசிக்கு மாற்றினோம்:
படகு. படகு.
வெடித்த சேற்றில் சாய்ந்த படகு.
பூப்போ ஏரி, என்றாள்.

புதுப் பிரிவுக்குப் பெயர் பிசகக்கூடாது.
இரண்டு தடவை பிசகினேன்.
மூன்றாவதில் எழுந்தது.

"இப்போது எவ்வளவு?"
"இருபத்தாறு சொச்சம்."

"போதும்.
தண்ணீர் திரும்பினால்
அதையும் எடுக்கணும்."