ஆறாவது துண்டு

ஐந்து போல்ட்டில் நான்கு சொன்ன சொல் கேட்டன.
ஐந்தாவது உப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
அசையமாட்டேன் என்றது.
மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.

முகத்துவாரத்துத் தொடர்மாடியின் படிக்கட்டுக்குக் கீழே
சைக்கிள்களுக்கும் காலி காஸ் சிலிண்டருக்கும் நடுவில்
மரக்குதிரையில் தொங்குகிறது
என் நாற்பது குதிரை.

என் என்றால் பாதி.
குவைத்தில் நாலரை வருஷம்
யாருடையதோ குளியலறைகளைக் கழுவிய பாதி.
மற்றப் பாதி அன்சலத்துக்கு. படகும் அவனுடையது.
நேற்று ராத்திரி துறைமுக வாய்க்கு வெளியே
"சும்மா நின்டு போச்சி" என்றதும் அவன்தான்.

சும்மா எதுவும் நிற்பதில்லை, அன்சலம்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் ஐந்தாவது மனம் மாறியது.
எஞ்சினின் காலைக் கழற்றி நிமிர்த்தினேன்.
நீண்ட தண்டு, அதன் அடியில் பம்பு.
மூடியைத் தூக்கியதும்
அழிறப்பரை மெழுகுதிரியில் காட்டிய வாசம்.
ஆறு சிறகு இருக்கவேண்டிய இம்பெல்லரில்
நடுக்கட்டை மட்டும் மொட்டையாக.

புதிதைப் போட்டால் வேலை முடிந்தது என்பவர்கள்
நடுக்கடலில் மறுபடி யோசிப்பார்கள்.
துண்டுகளை எண்ணவேண்டும்.
கிண்ணத்தில் இரண்டு. தண்ணீர்க் குழாயில் இரண்டு.
ஊதி ஊதி, கம்பி விட்டு, இன்னொன்று.
சிரட்டையில் ஐந்து.

பிறகு கிண்ணத்தின் உள்சுவரில் விரலை விட்டேன்.
கீறல். சுற்றிச் சுற்றிக் கீறல்.
மணலின் கையெழுத்து.
துறைமுக வாய்க்கு வெளியே பத்துப் பாகம் தண்ணீர்;
அங்கே மணல் எழும்பி வந்து பம்புக்குள் ஏறாது.
ஏறும் இடம் எனக்குத் தெரியும்:
களனி கடலைத் தொடும் திட்டு.
முழங்கால் தண்ணீர், லைட்டில்லாத ராத்திரி.
ஆற்றுக்குள் உனக்கு என்ன வேலை?
யாரை ஏற்றினாய், எதை இறக்கினாய்?
பொலிஸ் இந்த எஞ்சின் நம்பரை எழுதினால்
என் பெயரும் அல்லவா சேர்ந்து வரும்.

பஞ்சிகாவத்தையில் நிலாம்தீன் இரண்டு பெட்டியை வைத்தார்.
"இது ஒரிஜினல். இது அதுட தம்பி."
"மாப்பிள்ளையா அனுப்பினாரு?"
"இல்ல. எஞ்சின் அனுப்பிச்சு."
அண்ணனைத்தான் வாங்கினேன்.
அரைநிலாத் திறப்பு ஒன்றைச் சும்மா போட்டார்,
நகத்தை வெட்டியதுபோல் ஒரு பித்தளைத் துணுக்கு;
அது இல்லாவிட்டால் தண்டு சுற்றும், சிறகு சுற்றாது.

சவர்க்காரத் தண்ணீர் தடவி
தண்டை வலப்பக்கம் சுற்றிக்கொண்டே அமுக்க
ஆறு சிறகும் ஒரே பக்கம் சாய்ந்து உள்ளே அடங்கின,
மழைக்கு ஒரே ஓட்டோவில் ஏறிய ஆறு பேர்போல.

அன்சலம் வந்தான். கையில் ரோல்ஸ் பொட்டலம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பழைய கிண்ணத்தை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
தடவினான். துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தான்.
திரும்பவும் தடவினான்.
"திட்டில ஏறிட்டுது, மெட்டில்டா."
பதினாலாம் நம்பர் ஸ்பெனரை நீட்டினேன்.
"ஆறாவது துண்டு எங்கேயோ மேல இருக்குது. எடு."

இரண்டு மணித்தியாலம்.
தேர்மோஸ்டாட் மூடியின் அடியில்
உருகி, மடிந்து, கறுத்த பல்லி வால்போல் இருந்தது.
அதைப் பிடித்தபடியே சொன்னான்:
"மண்தான். ஆத்து மண். பதினாறு நடை."

நான் என்னென்னவோ நினைத்திருந்தேன்.
பொதிகளை, முகம் மூடிய ஆட்களை.
மணலை ஏற்றப் போனவனை மணலே காட்டிக்கொடுத்திருக்கிறது.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன்:
"பதினாறு நடையில என்ட பாதி எங்க?"

நீலப் பரலை நிரப்பி, காலை அதற்குள் இறக்கி,
கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
புகை. மேல்மாடிகளில் யன்னல்கள் சாத்தப்படும் சத்தம்.
ஐந்து விநாடி, எட்டு, பத்து,
ஓட்டையில் ஒன்றும் இல்லை.
இருமினது. துப்பியது.
பிறகு நூலாய், நேராய், நிற்காமல் ஒரு பீச்சல்.
"மூத்திரம் பேஞ்சிட்டுது!" என்று
படிக்கட்டில் இருந்த பிள்ளைகள் கத்தினார்கள்.

கையை நீட்டிப் பார்த்தேன். இளஞ்சூடு.
மற்றக் கையில் அன்சலம் காசை வைத்தான்.
எஞ்சினை நிறுத்தச் சொல்லாமல்,
ஈர விரலாலேயே எண்ணினேன்.
பதினான்கு நடைக்குத்தான் இருந்தது.