முப்பதாம் பெட்டி

கஸ்தூரியார் வீதியில் எங்கள் அச்சகம்.
லூவிசத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவகடாட்சம்
ஆயிரம் கலண்டர் கேட்டார். முருகன் படம் வேண்டாமாம்.
"பிள்ளையள் இந்த நாட்டுச் சரித்திரம் படிக்குதுகள்,
முக்கியமான நாளுக்கு ஒரு வரி போடுங்கோ, தமிழில."

ஒக்ரோபர் என் பங்கு.
பதினாலில், ஹேஸ்டிங்ஸில், ஒரு மன்னன்
கண்ணில் அம்பு பட்டு விழுந்தான் என்பார்கள்;
படவில்லை என்பாரும் உண்டு.
பெட்டியோ ஓர் அங்குலம்.
பட்டது என்றே வைத்தேன்.
இருபத்தொன்றில் கடற்போர். வென்று செத்த தளபதியைப்
பிராந்திப் பீப்பாவில் ஊறவைத்து ஊர் கொண்டுபோனார்கள்.
ஜெஸீலா சிரித்தாள்:
"ஊறுகாய் விளம்பரத்தப் பக்கத்துல போடுங்க."
இருபத்தைந்தில் அஜின்கோர்ட். உழுத வயல், இரவெல்லாம் மழை,
இரும்புச் சட்டைப் பிரபுக்கள் சேற்றில் விழுந்து
எழும்பவேயில்லை.
மழையில் சேறு என்ன செய்யுமென்று
எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

முப்பத்தொன்றுக்கு, ஹலோவீனுக்கு, ஒரு வரி போதவில்லை.
கோடை முடிந்து மாடுகள் தொழுவம் சேரும் இரவில்
செத்தவர்கள் தம் வீட்டு வழியால் வருவார்களாம்.
அவர்களுக்கு அடையாளம் தெரியாதிருக்க
இருப்பவர்கள் முகத்தில் கரி பூசித் திரிந்தார்களாம்.
இங்கே முகமூடி வேறு வேலைக்கு வந்தது:
சாக்கில் இரண்டு ஓட்டை, ஜீப்புக்குப் பக்கத்தில்,
ஆம் என்றால் ஆடுகிற தலை.
அதை எழுதவில்லை.
பூசணிக்கு முன்பு டேர்னிப் கிழங்கைத்தான் குடைந்து
உள்ளே தணல் வைத்தார்கள் என்று எழுதினேன்.
வாணி விழாவுக்கு மெசினின் முன் நாங்கள் வெட்டிய
நீற்றுப்பூசணியின் குங்குமம்
வாசற்படியில் இன்னும் போகவில்லை.
ஏழைகள் வீடு வீடாய்க் கதவு தட்டி
ஆத்துமப் பலகாரம் வாங்கித் தின்று
அந்த வீட்டில் செத்தவர்களுக்காகச் செபித்தார்கள்.
ஒரு பலகாரம், ஓர் ஆத்துமா.

"கதவு தட்டி" என்ற இடத்தில்
பிழை பார்த்துக்கொண்டிருந்த ஜெஸீலாவின் பேனை நின்றது.

நவம்பர் அவளுடையது.
ஐந்தாம் திகதி, நிலவறையில் வெடிமருந்தோடு பிடிபட்டவனின்
பொம்மையை ஒவ்வொரு வருஷமும் எரிக்கிறார்கள்.
அந்த நெருப்பின் ஆங்கிலப் பெயருக்குள்
எலும்பு கிடக்குதாம், அகராதியைக் காட்டினாள்.
பதினொன்றில், பதினொரு மணிக்கு, இரண்டு நிமிஷ மௌனம்.
அடித்துவிட்டுச் சொன்னாள்:
"எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தாங்க."

ஒக்ரோபர் முப்பது வெறுமையாய்க் கிடந்தது.
அந்த நாட்டில் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லையா?
இரண்டு புத்தகம் புரட்டினேன். நடந்திருக்கும்;
என் கண்ணில் படவில்லை.

தொண்ணூறில் அந்தத் திகதி. சோனகத் தெருவில் அவளுக்கு ஏழு வயது.
காதில் கிடந்த தோட்டைச் சந்தியில் வைத்து
ஓர் அண்ணன் கழற்றினான். மெதுவாகத்தான் கழற்றினான் என்பாள்.
இரண்டு தெரு தள்ளி
எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

தொண்ணூற்றைந்தில் அதே திகதி. இரவு.
நாவற்குழிப் பாலத்தில் அப்பாவின் தலையில் தையல் மெசின்,
தம்பியின் கையில் கோழி,
முன்னாலும் பின்னாலும் ஊர் முழுக்க, மழை முழுக்க,
ஓர் அடி வைக்க ஒரு யுகம்.
அப்போதாவது எனக்குச் சோனகத் தெரு நினைவு வந்ததா?
வரவில்லை. பொய் சொல்லக்கூடாது.

மாதிரித் தாளை அனுப்பினோம்.
விடியப்புறம் லூவிசத்திலிருந்து வட்ஸப்:
"முப்பது ஏன் வெறுமை? ஏதும் போடுங்கோ.
இல்லாட்டி நல்லெண்ணெய் விளம்பரம்."

"விளம்பரமே போடுங்க," என்றாள் ஜெஸீலா.
"எண்ணெயில என்ன பிழை?"

நான் யோசித்து யோசித்து
"மழை" என்று ஒரு சொல் அடித்தேன்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
என் கையைத் தள்ளிவிட்டு, எழுத்தெழுத்தாய் அழித்தாள்.

"தொண்ணூறில மழை இல்ல," என்றாள்.
"நல்ல வெயில்."